டிரான்ஸீவர் கிட்டை நாமே கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெச்சூர் ரேடியோவுக்குள் வருகிறவர்களில் பலருக்கு ஒரு கட்டத்தில் 'பேசுகிற பெட்டியை நாமே கட்டினால் என்ன' என்ற ஆசை வந்துவிடும். அப்படி வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாமே 5 வாட், 10 வாட் அளவிலான எச்எஃப் (சிற்றலை) டிரான்ஸீவர் கிட்டுகளைப் பற்றியவை. டிரான்ஸீவர் என்றால் அனுப்புவதையும் கேட்பதையும் சேர்த்துச் செய்யும் பெட்டி. எந்தக் கிட் எடுத்தாலும் நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: கொஞ்சம் பொருத்துங்கள், அதைச் சோதியுங்கள், சரியாக இருந்தால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள்.

கிட் வாங்கினால் உள்ளே என்னென்ன இருக்கும்?

அச்சிட்ட போர்டு, அதில் பொருத்தவேண்டிய பாகங்கள், காயில் சுற்றுவதற்கான வளையங்கள், எனாமல் கம்பி. பவர் சப்ளை, மோர்ஸ் கீ, ஹெட்போன், ஆன்டெனா எல்லாம் பெரும்பாலும் நம் பொறுப்பு. வெளிப்பெட்டியும் சில கிட்டுகளில் தனியாகத்தான் வாங்கவேண்டியிருக்கும்.

கையேடு அநேகமாக இணையத்தில் பிடிஎஃப்பாக இருக்கும். வாங்குவதற்கு முன்பே அதை இறக்கி முழுவதும் படித்துவிடுங்கள். முழு சர்க்யூட் படம் இருக்கிறதா, எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார்களா, வேலை செய்யாவிட்டால் எங்கே தேடுவது என்று ஒரு பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இவை இல்லாத கிட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் முதல் கிட்டாக எடுக்கவேண்டாம்.

லைசென்ஸ் இல்லாமல் கட்டலாமா?

கட்டிய பெட்டியிலிருந்து சிக்னல் அனுப்ப லைசென்ஸும் அழைப்புக்குறியும் கட்டாயம். கட்டுவதற்கும் கேட்பதற்கும் உள்ள விதி நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்குப் படிக்கும் காலத்தில் ரிசீவர் மட்டும் உள்ள கிட் ஒன்றைக் கட்டிப் பழகுவது நல்ல வழி. சால்டரிங் கைக்கு வரும், பேண்டில் (நமக்கு ஒதுக்கிய அதிர்வெண் பகுதியில்) யார் எப்படிப் பேசுகிறார்கள் என்பதும் காதுக்குப் பழகும்.

முதல் கிட்டாக எதை எடுப்பது?

ஒரே பேண்ட், சிடபிள்யூ (மோர்ஸ்) மட்டும். என் பதில் இதுதான், தயங்காமல் சொல்வேன். குரலில் பேசும் எஸ்எஸ்பி டிரான்ஸீவரில் மைக் ஆம்ப்ளிஃபையர், பேலன்ஸ்டு மாடுலேட்டர், கிரிஸ்டல் ஃபில்டர், சிதைவில்லாமல் பெருக்கும் லீனியர் ஆம்ப்ளிஃபையர் எல்லாம் வேண்டும். சிடபிள்யூவில் ஒரு அலையை வெட்டி வெட்டி அனுப்பினால் போதும். பாகங்கள் குறைவு, கோளாறு வந்தால் தேடவேண்டிய இடங்களும் குறைவு.

இந்த வகையில் கியூஆர்பி லேப்ஸ் நிறுவனத்தின் கியூசிஎக்ஸ் கிட் குடும்பம் எனக்குப் பிடித்தது. அலையை உண்டாக்க எஸ்ஐ5351 சிப், அனுப்பும் பக்கம் மூன்று பிஎஸ்170 டிரான்சிஸ்டர்களைச் சேர்த்த கிளாஸ் ஈ ஆம்ப்ளிஃபையர், 5 வாட் அளவு சக்தி. சரிசெய்வதற்கான சோதனைக் கருவிகளை அதற்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். சிக்னலை அதுவே உண்டாக்கித் தன் ரிசீவருக்குக் கொடுக்கும். திரையைப் பார்த்துக்கொண்டு டிரிம்மரை (சரிசெய்யும் சிறு திருகை) திருப்பினால் போதும். அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் இல்லாதவர்களுக்கு இது பெரிய உதவி.

மிகச் சிறியதாக வேண்டுமென்றால் பிக்ஸி இருக்கிறது. ஒரு கையளவு பாகங்கள்தான், சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் சாதாரணமாக ஒரே கிரிஸ்டல் அதிர்வெண்ணில்தான் ஓடும். பக்கத்தில் பலமான நிலையம் எது வந்தாலும் ஹெட்போனில் கூடவே கேட்கும். சால்டரிங் பழக நல்லது. தினமும் பேண்டில் உட்கார அது போதாது.

குரல்தான் வேண்டும் என்பவர்கள் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வரிசையைப் பார்க்கலாம். அனுப்பும்போது ஒரு திசையிலும் கேட்கும்போது எதிர்த்திசையிலும் அதே ஆம்ப்ளிஃபையர்களே வேலை செய்யும்படி அமைத்திருக்கிறார். சர்க்யூட் படத்தை விரித்து வைத்து ஒரு மாலை உட்கார்ந்து படிக்கத்தக்க வடிவமைப்பு. மைக்ரோ பிட்எக்ஸில் போர்டு முன்பே பொருத்தி வரும். வயரிங், பெட்டி, சரிசெய்தல்தான் நம் வேலை. அதுவும் கட்டுவதுதான், குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

மோர்ஸ் தெரியாதே, சிடபிள்யூ கிட் கட்டி என்ன செய்வது?

2003இல் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாட்டுக்குப் பிறகு மோர்ஸ் தேர்வு வேண்டுமா என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்யலாம் என்றாகிவிட்டது. அதனால் மோர்ஸ் தெரியாமல் லைசென்ஸ் எடுத்தவர்கள் இன்று ஏராளம். கட்டும் நாட்களில் தினமும் கால் மணி நேரம் கேட்டுப் பழகுங்கள். எழுத்துகளை ஆரம்பத்திலிருந்தே வேகமான ஒலியாகக் கேட்டு, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளியை நீட்டிப் பழகுவது நல்லது. புள்ளியையும் கோட்டையும் எண்ணிப் பழகினால் பிறகு வேகம் கூடாது.

என்னென்ன கருவிகள் தேவை?

வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சால்டரிங் அயர்ன், அதற்கு உளிபோன்ற தட்டையான சிறு முனை, நுனி வெட்டும் கட்டர், நல்ல மல்டிமீட்டர், பூதக்கண்ணாடி, பளிச்சென்ற விளக்கு. இதோடு ஆன்டெனாவுக்குப் பதிலாக வைத்துச் சோதிக்க ஒரு 50 ஓம் டம்மி லோடு. ஒரு வாட்டைத் தாங்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இருபதை இணையாகச் சேர்த்தால் 50 ஓம், 20 வாட் டம்மி லோடு கிடைத்துவிடும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர்களை மட்டும் போடாதீர்கள், ரேடியோ அலைக்கு அவை காயிலாகிவிடும்.

ஆன்டெனாவையும் ஃபில்டரையும் அளக்கும் நானோவிஎன்ஏ, ஆசிலாஸ்கோப் இருந்தால் வசதி. இல்லையென்று கிட்டைத் தள்ளிப்போடவேண்டாம்.

சால்டரிங் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) 183 டிகிரி செல்சியஸில் உருகும். அயர்னை 330லிருந்து 350 வரை வைத்துக்கொள்ளலாம். முனை, பாகத்தின் காலையும் போர்டின் செம்பு வட்டத்தையும் ஒரே நேரத்தில் தொடவேண்டும். ஒரு விநாடி பொறுத்து, ஈயத்தை அயர்னில் வைக்காமல் அந்தச் சந்திப்பில் வையுங்கள். ஈயம் தானாக ஓடிக் காலைச் சுற்றிச் சரிவாக ஏறி நின்றால் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். காலைச் சுற்றி மெல்லிய வட்டக் கோடு தெரிந்தாலோ, ஈயம் உருண்டையாக உட்கார்ந்திருந்தாலோ டிரை சால்டர். இன்று வேலை செய்யும், நாளை பெட்டியைத் தட்டினால் நின்றுவிடும். இன்னொரு முறை சூடாக்கி, சொட்டு ஈயம் கொடுங்கள்.

தரையோடு சேரும் கால்கள் சீக்கிரம் சூடாகாது, ஏனென்றால் பெரிய செம்புப் பரப்பு வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். டிரை சால்டர் அதிகம் ஒளிந்திருப்பது இங்கேதான். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள், கால்களை வெட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய துண்டு கண்ணை நோக்கித் தெறிக்கும்.

சின்னச் சின்னப் பாகங்களை எப்படி அடையாளம் காண்பது?

செராமிக் கெப்பாசிட்டரில் 104 என்றிருந்தால் 10க்குப் பின் நான்கு பூஜ்யம், பிக்கோஃபாரட் கணக்கில், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். 103 என்றால் 0.01. ஏமாற்றுவது 470 போன்றவை: இதே கணக்கில் அது 47 பிக்கோஃபாரட். ஃபில்டரில் 47க்கு பதிலாக 470 பிக்கோஃபாரட் உட்கார்ந்துவிட்டால் பவர் வராது.

ரெசிஸ்டர் நிறங்களை விளக்கு வெளிச்சத்தில் நம்பாதீர்கள். சிவப்பும் ஆரஞ்சும் பழுப்பும் ஒன்றுபோலத் தெரியும். ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்த பிறகே போர்டில் செருகுங்கள். டயோடில் கோடு உள்ள பக்கம் கேத்தோடு. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். ஐசியின் பள்ளமும் போர்டில் வரைந்த பள்ளமும் ஒரே பக்கம் இருக்கவேண்டும்.

டோராய்டு (வளையக் காயில்) சுற்றுவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. அவ்வளவு கஷ்டமா?

கஷ்டமில்லை, நிதானம் வேண்டும். கிட் வேலையில் இதற்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன்.

முதலில் வளையத்தின் பெயரைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். டி37-2 என்றால் வெளி விட்டம் 0.37 அங்குலம், அதாவது ஒன்பதரை மில்லிமீட்டர் அளவு. 2 என்பது இரும்புத்தூள் கலவையின் எண், சிவப்பு நிறம். டி37-6 மஞ்சள் நிறம், மேல் பேண்டுகளுக்கு வரும். எஃப்டி37-43 என்பது ஃபெரைட், பூச்சு இல்லாத கருஞ்சாம்பல். சிவப்புக்கு பதில் ஃபெரைட்டைச் சுற்றிவிட்டால் மதிப்பு பல மடங்கு எகிறிவிடும்.

டி37-2இல் சுற்றுகளின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி, வருவதை நான்கால் பெருக்கினால் நானோஹென்றி. 16 சுற்று என்றால் 1,024 நானோஹென்றி, ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி. சுற்றுகளின் இருமடிப் பெருக்கம் என்பதால் ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரியும்.

எண்ணுவதில் ஒரே விதி: கம்பி துளைக்குள் ஒரு தடவை நுழைந்தால் ஒரு சுற்று. வெளிப்பக்கம் எண்ணாதீர்கள், உள்பக்கம் தெரியும் கம்பிகளை எண்ணுங்கள். சுற்றி முடித்ததும் வெள்ளைத் தாளில் வைத்துக் கைபேசியில் படம் எடுத்து, பெரிதாக்கி எண்ணினால் குழப்பம் வராது. ஒரு சுற்றுக்குப் பதினொன்று, பன்னிரண்டு மில்லிமீட்டர் கம்பி போகும்; 16 சுற்றுக்கு, இரண்டு முனைக்கும் சேர்த்து 25 சென்டிமீட்டர் வெட்டுங்கள். ஒவ்வொரு சுற்றையும் வளையத்தோடு ஒட்ட இழுத்து, வளையத்தின் முக்கால் பங்குக்கு மேல் சமமாகப் பரப்பி, இரு முனைகளுக்கும் நடுவில் இடைவெளி விடுங்கள். சுற்றுகளை நெருக்கினால் மதிப்பு கூடும், விரித்தால் குறையும். பின்னால் சரிசெய்யும்போது இது கைகொடுக்கும்.

இனி முனைகள். எனாமல் பூச்சு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஈயம் ஒட்டவிடாது. அயர்னை 380 அளவுக்கு ஏற்றி, முனையில் ஒரு பெரிய சொட்டு ஈயத்தை உருக்கி, கம்பி நுனியை அந்தச் சொட்டுக்குள் பிடியுங்கள். சில விநாடிகளில் மெல்லிய புகை வரும், பூச்சு குமிழியிட்டுக் கருகும், பிறகு சட்டென்று ஈயம் கம்பி மேல் வெள்ளியாகப் படரும். அங்கிருந்து சொட்டை மெல்ல வளையத்தின் பக்கமாக நகர்த்துங்கள். சில கம்பிகளின் பூச்சு இந்தச் சூட்டுக்கு மசியாது, பிளேடால் சுரண்டத்தான் வேண்டும். போர்டில் பொருத்தியதும் இரண்டு முனைக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 0 ஓம் காட்டவேண்டும். 'ரேடியோ வேலை செய்யவில்லை' என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, இந்த அளவு எடுத்தீர்களா என்றுதான்.

எந்த வரிசையில் பொருத்துவது?

கையேட்டில் கட்டம் கட்டமாகக் கொடுத்திருந்தால் அப்படியே போங்கள். இல்லையென்றால் பவர் சப்ளை பகுதி முதலில்: வோல்டேஜ் ரெகுலேட்டரைப் பொருத்தி 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஆடியோ, அப்புறம் ஆசிலேட்டர், மிக்ஸர், ரிசீவர் முன்பகுதி. ரிசீவர் கேட்கத் தொடங்கிய பிறகே டிரான்ஸ்மிட்டர். இப்படிப் போனால் கோளாறு எப்போதும் கடைசியாகப் பொருத்திய சில பாகங்களுக்குள் இருக்கும். எல்லாவற்றையும் பொருத்திவிட்டுக் கடைசியில் ஸ்விட்சைப் போட்டால் முழு போர்டையும் சந்தேகப்படவேண்டும்.

மாஸ்ஃபெட் பாகங்களைத் தொடுவதற்கு முன் எர்த் செய்த உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது எதைக் கவனிக்கவேண்டும்?

கொடுப்பதற்கு முன் ப்ளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே ஓம் அளவைப் பாருங்கள். பெரிய கெப்பாசிட்டர் நிறைவதால் எண் மெல்ல ஏறினால் நல்லது. 0வுக்கு அருகிலேயே நின்றால் எங்கோ ஷார்ட். கரண்ட்டுக்கு வரம்பு வைக்கும் பவர் சப்ளை இருந்தால் 200 மில்லிஆம்பியரில் வையுங்கள். இல்லையென்றால் ப்ளஸ் வயரில் 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றைத் தொடராகச் சேருங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், போர்டு தப்பிக்கும். பல்பு எரியாமல் இருந்து, கரண்ட் கையேட்டில் சொன்ன அளவுக்கு ஒத்துவந்தால் பல்பை எடுத்துவிடலாம்.

ஒரு சத்தமும் வரவில்லை. எங்கிருந்து தேடுவது?

ஹெட்போன் பக்கமிருந்து ஆன்டெனாவை நோக்கி. ஆடியோவில் எல்எம்386 இருந்தால் 6ஆம் காலில் சப்ளை வோல்டேஜ், 5ஆம் காலில் அதில் பாதி இருக்கவேண்டும். 3ஆம் காலை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டால் 'ஊ'வென்று இரைச்சல் கேட்கும். கேட்டால் ஆடியோ சரி, அதற்கு முந்தைய கட்டத்துக்குப் போங்கள். என்பிஎன் டிரான்சிஸ்டர்களில் எமிட்டரைவிட பேஸ் 0.6, 0.7 வோல்ட் அதிகம் இருக்கவேண்டும். இல்லையென்றால் அந்தக் கட்டத்தின் ரெசிஸ்டர்களையும் சால்டரையும் பாருங்கள். ஆசிலேட்டர் ஓடுகிறதா என்பதைப் பக்கத்தில் இன்னொரு ரேடியோவை அந்த அதிர்வெண்ணில் வைத்தாலே கேட்டுவிடலாம்.

இரைச்சல் இருக்கிறது, நிலையங்கள் மட்டும் கேட்கவில்லை என்றால் வேண்டிய பேண்டை மட்டும் உள்ளே விடும் பேண்ட்பாஸ் ஃபில்டரும் ஆன்டெனா பக்க டோராய்டுகளும்தான் பெரும்பாலும் காரணம்.

ஐசி கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட அவசரப்படாதீர்கள். சால்டர், எனாமல், மாறிப்போன மதிப்பு, திரும்பி உட்கார்ந்த பாகம் இந்த நான்கையும் பார்த்து முடித்த பிறகுதான் அந்தப் பேச்சு.

தவறான இடத்தில் பாகத்தைப் பொருத்திவிட்டேன். எப்படிக் கழற்றுவது?

பாகத்தைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், போர்டைக் காப்பாற்றுங்கள். கால்களை உடலை ஒட்டி வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி இடுக்கியால் எடுத்து, மிச்ச ஈயத்தைச் செம்புப் பின்னலால் உறிஞ்சுங்கள். முழு ஐசியை இழுத்துப் பிடுங்கினால் துளைக்குள் இருக்கும் செம்புப் பூச்சும் கூடவே வந்துவிடும்.

அனுப்பும்போது பவர் குறைவாக இருக்கிறது, ஃபைனல் டிரான்சிஸ்டர் (கடைசியில் சக்தியைக் கூட்டுவது) சுடுகிறது. ஏன்?

ஆன்டெனாவை எடுத்துவிட்டு டம்மி லோடில் வைத்துப் பாருங்கள். 50 ஓமில் 5 வாட் என்றால் அலையின் உச்சம் 22.4 வோல்ட்; டயோடும் கெப்பாசிட்டரும் வைத்த ஆர்எஃப் ப்ரோப்பில் அதற்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். டம்மி லோடில் சரியாக வந்தால் குற்றம் ஆன்டெனாவில். அங்கும் குறைந்தால், மேல் அதிர்வெண்களைத் தடுக்கும் லோ பாஸ் ஃபில்டரின் சுற்றுகளை எண்ணுங்கள். கிளாஸ் ஈ வடிவமைப்பில் டிரெயின் பக்கக் காயிலின் மதிப்பு விலகினாலும் சூடு ஏறும்.

ஐஆர்எஃப்510 வைத்த எஸ்எஸ்பி கிட் என்றால் பயஸ் டிரிம்மரை (டிரான்சிஸ்டரின் ஓய்வுக் கரண்ட்டை வைப்பது) முழுக்கக் குறைந்த பக்கம் வைத்துவிட்டுத்தான் முதன்முதலில் அனுப்பவேண்டும். பிறகு கரண்ட்டைப் பார்த்துக்கொண்டே மெல்ல ஏற்றி, கையேடு சொல்லும் அளவில் நிறுத்துங்கள். கேட் வோல்டேஜ் 2லிருந்து 4க்குள் ஏதோ ஓர் இடத்தில் அது திடீரென்று கடத்தத் தொடங்கும், கை வேகம் கூடாது. அதன் உலோக முதுகு டிரெயினோடு சேர்ந்தது. ஹீட்சிங்குக்கு நடுவே மைக்கா அல்லது சிலிக்கான் தகடு வைக்க மறந்தால் சப்ளை நேராக ஷார்ட்.

லோ பாஸ் ஃபில்டர் இல்லாமலும் பேசமுடிகிறதே, அது அவசியமா?

அவசியம், விட்டுக்கொடுக்கவே கூடாது. 7 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் ஆம்ப்ளிஃபையர் 14லும் 21லும் கூட அலையை உமிழும். நம் பேச்சு போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதற்காக அடுத்தவர் பேண்டை அழுக்காக்க நமக்கு உரிமை கிடையாது. எச்எஃபில் தேவையற்ற அலை முதன்மை அலையைவிட 43 டெசிபெல் கீழே இருக்கவேண்டும் என்பது அமெரிக்க விதி. 5 வாட்டுக்கு அது கால் மில்லிவாட். நானோவிஎன்ஏ கிடைத்தால் ஃபில்டரை ஒரு தடவை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் சப்ளைக்கு எது நல்லது?

பேட்டரி. இரைச்சல் கிடையாது. நான்கு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12.8 வோல்ட், இந்த வகைக் கிட்டுகளுக்குக் கச்சிதம். உங்கள் கிட் எவ்வளவு தாங்கும் என்று மட்டும் பாருங்கள். ஃப்யூஸ் கட்டாயம். மலிவான ஸ்விட்சிங் அடாப்டர்கள் ரிசீவரில் இரைச்சலை நிரப்பும்.

5 வாட்டில் எவ்வளவு தூரம் போகும்?

பேண்ட் திறந்திருந்தால், அதாவது அலை தூரம் போகும் நிலை இருந்தால், கண்டம் தாண்டும். 100 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் 13 டெசிபெல்தான் வித்தியாசம். எதிர்முனையில் சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் இரண்டு புள்ளிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவே. ஆன்டெனா மோசமாக இருந்தால் அதைவிட அதிகம் இழப்போம். 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரை அலை டைபோல் என்ற கம்பி ஆன்டெனாவின் மொத்த நீளம் மீட்டரில் வரும், 7.03க்கு 20.3 மீட்டர். கொஞ்சம் நீளமாகவே வெட்டிக் கட்டி, அளந்து பார்த்துக் குறையுங்கள். உயரமாகக் கட்டுங்கள்.

கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், யாரும் பதில் தரவில்லை. பெட்டியில் கோளாறா?

அதைக் கண்டுபிடிக்க இப்போது நல்ல வழி இருக்கிறது. சிடபிள்யூவில் சிகியூவும் (எல்லோருக்குமான பொது அழைப்பு) அழைப்புக்குறியும் இரண்டு மூன்று தடவை, சீரான வேகத்தில் அனுப்பிவிட்டு ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் தளத்தில் உங்கள் குறியைத் தேடுங்கள். உலகெங்கும் தானாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ரிசீவர்கள் உங்களை எங்கே, எத்தனை டெசிபெலில், எந்த அதிர்வெண்ணில் கேட்டன என்று சற்று நேரத்தில் வந்துவிடும். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருப்பதுபோன்ற இணைய ரிசீவர்களில் உங்கள் சிக்னலை உங்கள் காதாலேயே கேட்கவும் செய்யலாம். தொனி சுத்தமாக இருக்கிறதா, கீயை அழுத்தும்போது கிளிக் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள்.

அங்கே காட்டும் அதிர்வெண் உங்கள் திரையில் உள்ளதிலிருந்து அரை கிலோஹெர்ட்ஸ், ஒரு கிலோஹெர்ட்ஸ் விலகியிருந்தால் நீங்கள் கூப்பிடும் இடத்தில் உங்கள் சிக்னல் போய் விழவில்லை என்று பொருள். 10 மெகாஹெர்ட்ஸில் நேர சமிக்ஞை அனுப்பும் டபிள்யூடபிள்யூவி போன்ற நிலையம் உங்கள் இடத்தில் காதில் விழுந்தால், உங்கள் கிட்டும் அந்த அதிர்வெண்ணைக் கேட்கக்கூடியதாக இருந்தால், அதை வைத்து ஆசிலேட்டர் மதிப்பைத் திருத்துங்கள். இல்லையென்றால் ரிவர்ஸ் பீக்கனின் பல ரிசீவர்கள் ஒருமித்துச் சொல்லும் எண்ணையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அதன்பிறகு 14.060, 7.030 போன்ற குறைந்த சக்திக்காரர்கள் கூடும் இடங்களில் கூப்பிடுங்கள். நீங்களே கூப்பிடுவதைவிட, பலமாகக் கேட்கும் ஒருவர் சிகியூ சொல்லும்போது அவருக்குப் பதில் கொடுப்பது முதல் தொடர்புக்குச் சுலபமான வழி.